கொல்லிமலைக் காட்டுக்கோழியும் வெளியூர்த் துப்பாக்கியும்

மாசி பிறந்துவிட்டால் கொல்லிமலையில் விடியும் முன்பே காட்டுக்கோழிச் சேவலின் கூவல் கேட்கத் தொடங்கிவிடும். காப்பித் தோட்டத்து ஓரம், மூங்கில் புதர், சாமை அறுத்துத் தாள் மட்டும் நிற்கும் கொல்லை என்று ஒவ்வொரு சேவலும் தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கூவும். நம் வீட்டுச் சேவல்போல நீட்டி முழக்காமல் வெட்டி வெட்டிக் கூவுவது அதன் வழக்கம். இந்தக் கூவல்தான் அதற்கு எமனாகவும் அமைந்துவிடுகிறது. எந்தப் புதரில் சேவல் இருக்கிறது என்பதைத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அதுவே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

மலைவாசிகளான மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்கோழியைப் பிடித்துத் தின்றவர்களே. இதை மறைப்பதில் பயனில்லை. (இவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம், மலையில் வாழ்வதால் வந்த பெயர்.) ஆனால் இன்று மலைக்கிராமங்களில் எழும் மனக்குறை வேறு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் தார்ச்சாலை, மிளகையும் மரவள்ளிக்கிழங்கையும் கீழே இறக்க உதவுவது போலவே, கீழே உள்ளவர்களை மேலே ஏற்றியும் விடுகிறது. அருவிக்கு வருபவர், கோயிலுக்கு வருபவர் போக, மோட்டார் சைக்கிளில் ஏர்கன்னும் தலைவிளக்கும் எடுத்துக்கொண்டு இரவில் வருபவர்களும் உண்டு. நாமக்கல், இராசிபுரம் பக்கம் என்றில்லை. மலையின் கிழக்கே புளியஞ்சோலை இறக்கம் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு மலைக்கு இரண்டு மாவட்டத்திலிருந்தும் ஆள் ஏறலாம்.

இப்படி வருகிறவர்களைத் தடுப்பது யார் பொறுப்பு, அதில் விவசாயிக்கு என்ன லாபம் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

நாமக்கல் கோழியின் மஞ்சள் கால்

முதலில் ஒரு செய்தி. மலையடிவாரத்தில் நாமக்கல் மாவட்டம் முழுவதும் முட்டைக் கோழிப் பண்ணைகள் நிறைந்திருப்பது எல்லோரும் அறிந்ததே. நம் வீட்டுக் கோழிக்கு மூதாதை, வட இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள சிவப்புக் காட்டுக்கோழி என்பது பழைய பாடம். ஆனால் சிவப்புக் காட்டுக்கோழிக்கு மஞ்சள் கால் கிடையாது. பண்ணைக் கோழிகளின் மஞ்சள் நிறத் தோலுக்கும் காலுக்கும் காரணமான மரபணு, தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. கொல்லிமலையில் கூவுவது இந்தச் சாம்பல் காட்டுக்கோழிதான். ஆக, கீழே கூண்டுகளில் முட்டையிடும் கோடிக்கணக்கான கோழிகளுக்கு மேலே புதரில் ஒரு தாயாதி இருக்கிறது. கோழி வளர்ப்போர் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டிய உறவு இது.

இந்தச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியதுபோலப் பளபளக்கும் மஞ்சள் புள்ளிகள் உண்டு. இங்கிலாந்தில் மீன் பிடிப்போர் தூண்டிலில் செயற்கை ஈ கட்டுவதற்கு இந்த இறகையே பெரிதும் விரும்பினார்கள். அதற்காகவே ஒரு காலத்தில் கழுத்துத் தோலோடு கப்பலேறியது. அந்த ஏற்றுமதியை அரசு நிறுத்தி நெடுங்காலம் ஆகிவிட்டது. இறகு வியாபாரம் போனாலும் கறி ஆசை போகவில்லை.

காட்டுக்கோழி பொதுவாக மாசி முதல் வைகாசி வரை முட்டையிடும். தரையில் சருகுக் குழியில் நான்கு முதல் ஏழு முட்டை. குஞ்சு பொரித்ததும் கீரி, பாம்பு, வல்லூறு, காட்டுப்பூனை என்று கண்ணி வைத்துக் காத்திருப்பவை பல. ஒரு கணக்குக்காகச் சொல்வோம். ஓர் ஓடைக் கரையில் பத்து பெட்டை இருந்து, ஒவ்வொன்றும் ஐந்து முட்டை வைத்தால் ஐம்பது. அதில் பெரும்பகுதி பொரிக்காமலும் பொரித்த பின்னும் போய்விடும். மிஞ்சுகிற சிலவற்றில் உள்ளூர்க்காரன் இரண்டைப் பிடித்தாலும் அடுத்த ஆண்டு அந்த ஓடை நிரம்பிவிடலாம். அதே ஓடைக்கு ஒரு பருவத்தில் பத்துக் கூட்டம் வந்து, கூட்டத்துக்கு இரண்டு சுட்டால் அந்த இடத்தில் கூவல் நின்றுவிடும். வருகிற ஒவ்வொருவனும் "நான் இரண்டுதானே சுட்டேன்" என்பான். அவன் சொல்வதும் பொய்யாக இராது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மாசி, பங்குனியில்தான் காடு காய்ந்து புதர் தெளிவாக இருக்கும். கோடை விடுமுறைக் கூட்டமும் அடுத்தே வந்துவிடும். சுடுவதற்கு வசதியான பருவமும் குஞ்சு வளரும் பருவமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

வெளியாருக்கு அளவு வைத்த நாடுகள்

ஒரே வேட்டை நிலத்தில் அளவுக்கு மீறிய ஆள் சேர்வது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் வாத்து வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. அங்கும் பக்கத்து மாநிலத்தவர் ஏராளமாக வந்து சதுப்பு நிலங்களில் நெருக்கிக்கொண்டு நிற்பதால் உள்ளூர்க்காரர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். வட டகோட்டா மாநிலம் வெளிமாநில வேட்டைக்காரருக்கு ஒரு பருவத்தில் 14 நாள் மட்டுமே உரிமம் தருகிறது. தென் டகோட்டாவில் வெளியாருக்கு வாத்து வேட்டை உரிமம் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். உரிமத்துக்குக் கட்டணம் உண்டு; அதில் வரும் பணம் வேட்டை நிலத்தைப் பாதுகாக்கச் செலவாகிறது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கண்டபடி சுட்டு வரையாடும் கடமானும் குறைந்து போகவே, 1879-இல் நீலகிரிக்கென்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். பருவம் குறித்தார்கள், உரிமம் வைத்தார்கள். அது வேட்டைக்காரர்கள் வேட்டைக்காரர்களுக்காகவே செய்துகொண்ட ஏற்பாடு. தோடரையும் படகரையும் யாரும் கேட்கவில்லை.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் தொடக்கத்தில் சிறு வேட்டை உரிமம் என்று ஒன்று இருந்தது. 1991-இல் செய்த திருத்தத்தால் அதுவும் எடுபட்டது. ஆகவே இன்று இந்தியாவில் காட்டுப்பறவை வேட்டைக்கு உள்ளூர், வெளியூர் என்ற பேதமே இல்லை. யாருக்கும் அனுமதி கிடையாது. சுடுவது மட்டும் வேட்டை என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, இரை போட்டுப் பிடிப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பொதுவான குற்றங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினமானால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை உண்டு. "ஏர்கன்தானே, லைசென்ஸ் தேவையில்லையே" என்பார்கள். சிறிய ஏர்கன் வைத்திருக்க உரிமம் தேவைப்படாமல் இருக்கலாம். அதனால் பறவையைச் சுட்டால் குற்றம் குற்றமே.

சட்டத்தில் எல்லோருக்கும் தடை இருந்தும் மலையில் என்ன நடக்கிறது? வெளியூர்க்காரன் சுட்டுவிட்டு விடிவதற்குள் எழுபது வளைவையும் இறங்கிவிடுகிறான். காட்டோரம் குடியிருக்கும் மலைவாசிதான் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்றால் முதலில் விசாரிக்கப்படுபவனும் அவனே. இந்த நிலையில் அவனிடம் போய்க் காட்டைக் காப்பாற்று என்றால் எப்படி மனம் வரும்?

இதோடு பன்றித் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. மரவள்ளிக்கிழங்கையும் சாமையையும் காட்டுப்பன்றி ஓர் இரவில் உழுதுவிட்டுப் போகிறது. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் பிடிக்கவும் கூடாது. சமவெளி விவசாயிக்கு இது உதவலாம். கொல்லையைச் சுற்றிக் காப்புக்காடே வேலியாக இருக்கும் கொல்லிமலைக்காரனுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. பயிரை அழிக்கும் பன்றியைத் தொட முடியாத விவசாயி, பொழுதுபோக்குக்காகக் கோழியைச் சுடுகிறவனைப் பார்த்து வயிறெரிவது நியாயம்தான்.

வேடந்தாங்கல் விவசாயிகள் செய்த காரியம்

வெளியூர்த் துப்பாக்கியை விவசாயிகளே நிறுத்திய ஓர் உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது 200 ஆண்டுக்கு மேற்பட்ட கதை.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் கடப்ப மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுவது அப்போதும் வழக்கம். வேடந்தாங்கல் என்ற பெயரிலேயே வேடன் இருக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினிப் படைச் சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடத் தொடங்கினார்கள். ஊர் விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் கச்சேரிக்குப் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர், அந்த ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-ஐ ஒட்டி ஒரு கௌல் எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரம் பின்னால் தொலைந்துபோக, 1858-இல் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார்கள் ஊரார்.

அவர்கள் கேட்டதற்குக் காரணம் ஜீவகாருண்யம் மட்டும் அல்ல. பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் விழுந்து கரைகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக நெல் வயலுக்குப் பாய்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் காசில்லாமல் வயலுக்கு வருகின்றன. யூரியா என்ற பெயரைக் கேட்டிராத காலத்தில் பறவைதான் அந்த ஊருக்கு உர மூட்டை. ஆகவே சிப்பாய் சுட்டபோது அவர்கள் வயல் உரத்தில் கை வைத்ததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பக்கத்துக் கிராமத்தார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும் பறவையை ஊரே காக்கிறது. எந்த ஊரில் பறவையை ஊரார் தங்களுடையது என்று எண்ணுகிறார்களோ அந்த ஊரில் வெளியாள் துப்பாக்கியைத் தூக்க அஞ்சுகிறான்.

நாகாலாந்து மாநிலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே பங்தி என்ற கிராமத்தின் அருகில் தோயாங் நீர்த்தேக்கத்தில், சைபீரியப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமூர் வல்லூறுகள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் தங்கிச் செல்லும். 2012-இல் அவற்றை வலை போட்டுப் பெருவாரியாகப் பிடித்து விற்ற செய்தி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டே கிராம சபைகள் கூடித் தடை போட்டன. 2013-இல் வலை விரிக்கப்படவில்லை. வலை போட்டவர்களும் ஊரார்தான், நிறுத்தியவர்களும் ஊரார்தான். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் தாமாகவே ஏர்கன்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

கொல்லிமலைக்கு என்ன வழி?

வேடந்தாங்கல்போல எச்ச உரம் கொல்லிமலையில் கிடைக்காது. இங்கே பறவை செய்யும் வேலை வேறு. காட்டுக்கோழி நாள் முழுவதும் சருகைக் கிளறிக் கறையானையும் புழுவையும் தின்கிறது. ஆந்தை எலியைத் தின்கிறது. கரிச்சான் பறக்கும் பூச்சியைப் பிடிக்கிறது. பச்சைப்புறாவும் குக்குறுவானும் கொண்டைக்குருவியும் பழம் தின்று விதை போடுவதால்தான் காப்பிக்கு நிழல் தரும் அத்தியும் ஆலும் நாவலும் யாரும் நடாமலே முளைக்கின்றன. மிளகுக் கொடியே காட்டில் பரவியது பறவை வயிற்றின் வழியாகத்தான். நம் மாநிலப் பறவையான மரகதப்புறா, நிழலான காட்டுத் தரையில் விதை பொறுக்கித் திரிவது. ஏர்கன்காரனுக்கு அதுவும் ஒரு புறாதான்.

பறவை எல்லாமே நன்மை செய்யும் என்று சொல்ல மாட்டோம். தினை முற்றும்போது கிளியும் சில்லையும் இறங்கினால் கதிர் பாழ். மயில் விதையைக் கிளறும். பழைய நாளில் மலையில் எல்லாக் கொல்லையிலும் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்ததால் பறவை பரவலாக மேய்ந்தது. ஒருவர் கொல்லையில் சேதம் குறைவு. இப்போது பெரும்பாலான நிலம் சவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளிக்கு மாறிவிட்டது. எங்கோ ஒருவர் தினை விதைத்தால் மலைப்பறவை எல்லாம் அவர் கொல்லைக்கே வந்துவிடுகிறது. பாரம்பரிய விதையை விடாமல் காத்துவரும் விவசாயிக்கு இது பெரிய இடைஞ்சல். பத்துப் பேர் சேர்ந்து ஒரே பட்டத்தில் விதைத்துப் பார்த்தால் சேதம் பங்கிட்டுப் போகும். காவலுக்கும் ஆள் கிடைக்கும்.

வெளியூர் வேட்டையைத் தடுக்கச் சட்டத்தில் விவசாயிக்கு ஒரு பிடி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைவாசிக்கு நில உரிமை தரும் சட்டம் என்றே பேசப்படுகிறது. அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு, வன உயிரினத்தையும் காட்டையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. ஊருக்குப் பொதுவான காட்டு வளத்துக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று முறைப்படுத்தவும், வன விலங்கைப் பாதிக்கும் செயலை நிறுத்தவும் சபை தீர்மானிக்கலாம். (வேட்டையாடும் உரிமையை இந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.) தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை காரணமாக இந்தச் சட்டப்படி உரிமைப் பத்திரம் வழங்குவது 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது. அதனால் நம் மலைகளில் இந்தப் பிரிவை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கமே இன்னும் வேரூன்றவில்லை.

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் உண்டு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று "நாடு" என்ற பழைய பெயர் இன்றும் ஊராட்சிப் பெயராகவே நிற்கிறது. ஊர்க்கூட்டம் கூடி முடிவு செய்வது இம்மக்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26-ஆம் தேதிக் கூட்டம் காட்டுக்கோழி கூவத் தொடங்கும் பருவத்துக்கு முன்னால் வருவதால், வேட்டைத் தடைத் தீர்மானத்துக்கு அதுவே ஏற்ற நாள். வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை சிற்றூர் அளவில் கூடுவது. ஆகவே ஊராட்சித் தீர்மானத்தோடு ஒவ்வொரு சிற்றூர் வன உரிமைக் குழுவிலும் அதைப் பதிவு செய்துகொள்வது நல்லது. தீர்மான நகல் வனச்சரக அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போக வேண்டும். நகலைக் கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்காமல் திரும்பக் கூடாது.

எழுத்தில் உள்ளதைவிட நடைமுறையில்தான் விஷயம் இருக்கிறது. இரவில் துப்பாக்கி வைத்திருப்பவன் எதிரில் போய் நிற்பது புத்தியல்ல. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அடிவாரச் சோதனைச் சாவடிக்கும் வனச்சரகருக்கும் உடனே போன் செய்தால் போதும். மலைக்கு ஏறும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இறங்கும் வண்டி அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். காட்டுக்கோழி நடமாடும் தடத்தில் பிரேக் கம்பியால் செய்த கண்ணி கண்ணில் பட்டால், அதைத் தொடாமல் இடத்தைக் குறித்து வனக்காவலருக்குக் காட்டுவதே பாதுகாப்பு. எடுத்துக் கையில் வைத்திருந்தால் பழி நம் மேல் வரும்.

சமவெளிக்காரர்கள் குத்தகைக்கோ விலைக்கோ எடுத்த தோட்டங்களும் தங்கும் விடுதிகளும் மலையில் பெருகியுள்ளன. விருந்தாளி கையில் ஏர்கன் இருந்தால் இடம் தருவதில்லை என்று விடுதிக்காரர்களும், தோட்டக் காவலாளுக்குச் சொல்லிவைத்துத் தோட்டக்காரர்களும் ஒத்துழைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் கடினம். வெளியூர்க்காரனுக்கு எந்த ஓடையில் கோழி இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? பல சமயம் வழிகாட்டி அழைத்துப் போவது நம் ஊர்ப் பையன்தான். ஓர் இரவுக்குச் சில நூறு ரூபாயும் சாப்பாடும் கிடைக்கிறது. அகப்பட்டுக்கொண்டால் வழக்கு அவன் மேலும் சேர்த்துப் பாயும்; அழைத்து வந்தவன் வக்கீல் வைத்து வெளியே வந்துவிடுவான். பங்தி கிராமத்தில் நடந்ததுபோல இங்கும் தீர்மானம் முதலில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசி எடுக்கப்பட வேண்டும். அதே பையன்களுக்குக் காட்டுப்பாதை தெரியும், பறவைக் குரல் தெரியும். விடியற்காலையில் பறவை பார்க்க வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டினால் அதற்கும் கூலி உண்டு. வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி ஊராட்சி கேட்டு எழுதலாம்.

ஆடிப் பதினெட்டை ஒட்டிச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய வேட்டைக்காரன் ஓரி. அவன் இந்த மலைக்கு உரியவன். வெளியிலிருந்து இரவில் வந்து சுட்டுவிட்டு ஓடியவன் அல்லன். விழாவுக்கு மலையேறும் ஆயிரக்கணக்கான வெளியூர்க்காரர்களின் கண்ணில் படும்படி, காரவள்ளியிலும் முள்ளுக்குறிச்சிப் பாதையிலும் கிராம சபைத் தீர்மானத்தைப் பெரிய எழுத்தில் பலகையாக எழுதி வைக்கலாம். பலகைக்கு ஆகும் செலவை 14 ஊராட்சிகளும் பங்கிட்டுக்கொண்டால் பெரிய தொகை வராது. தை மாதக் கிராம சபைக்கு முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.